டிவிக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டரா? முதலில் கேபினட்டைப் பாருங்கள்

கம்ப்யூட்டர் வாங்கப் போகும்போது ப்ராசசர் எது, ராம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க் எத்தனை டெராபைட் என்றெல்லாம் கேட்கிறோம். கேபினட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கடைக்காரர் எடுத்து வைப்பதுதான் கேபினட். "நல்லா இருக்கும் சார், எடுத்துக்குங்க" என்பார். நாமும் தலையாட்டிவிட்டு வந்துவிடுவோம். மேஜைக்கு அடியில் நிற்கப் போகும் சாதாரணக் கம்ப்யூட்டர் என்றால் இதனால் பெரிய கெடுதல் இல்லை. டிவிக்குப் பக்கத்தில், ஷோகேஸுக்குள் வைக்கப் போகும் கம்ப்யூட்டர் என்றால் கதையே வேறு. அந்தக் கதையில் நான் முதலில் பணத்தையும், பிறகு பணத்தால் வாங்க முடியாத ஒன்றையும் இழக்கப் பார்த்தேன்.

ஹோம் தியேட்டர் பி.சி., சுருக்கமாக எச்.டி.பி.சி., என்பது டிவியோடு எச்.டி.எம்.ஐ. கேபிளால் இணைத்து வைக்கப்படும் கம்ப்யூட்டர்தான். படம், பாட்டு, குடும்ப போட்டோ, கல்யாண வீடியோ எல்லாவற்றையும் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் வைத்துக்கொண்டு ரிமோட்டில் இயக்கலாம். மைக்ரோசாப்ட் 2002இல் இதற்காகவே விண்டோஸ் எக்ஸ்.பி.யில் மீடியா சென்டர் என்று ஒரு பதிப்பைக் கொண்டுவந்தது; 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது மீடியா சென்டரைக் கைவிட்டுவிட்டது. இன்று பலரும் பயன்படுத்துவது கோடி என்ற இலவச சாப்ட்வேர். எக்ஸ்.பி.எம்.சி. என்று இருந்த பெயரை 2014இல்தான் இப்படி மாற்றினார்கள். பெயர்தான் கோடி, காசு ஒன்றும் கிடையாது.

எங்கள் வீடு திருவொற்றியூரில். மாடியில் நின்றால் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகள். அப்பா துறைமுக வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். முட்டி வலியால் வெளியே அதிகம் போவதில்லை. அவருக்காகத்தான் 2023 ஏப்ரலில் ரிச்சி தெருவுக்குப் போய் உதிரி பாகங்களை வாங்கிவந்து நானே அசெம்பிள் செய்தேன். நான் சாப்ட்வேர் இன்ஜினியர். ஸ்க்ரூ டிரைவர் பிடிப்பது என் வேலை அல்ல என்பதை முதல் நாளே தெரிந்துகொண்டேன்.

ஸ்கேல் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்

நான் வாங்கியது பழைய வி.சி.ஆர். போலப் படுத்த வாக்கில் இருக்கும், 10 சென்டிமீட்டர் உயரக் கேபினட். பார்க்க மிக அழகாக இருந்தது. அழகான கேபினட்டில் எதுவும் சுலபமாக நுழையாது.

முதலில் மதர்போர்ட். இதில் மூன்று அளவுகளைத் தெரிந்துகொண்டால் போதும். ஏ.டி.எக்ஸ். என்பது 305க்கு 244 மி.மீ., மைக்ரோ ஏ.டி.எக்ஸ். 244க்கு 244, மினி ஐ.டி.எக்ஸ். 170க்கு 170. பெரிய கேபினட்டில் சிறிய போர்டைப் பொருத்தலாம், சிறியதில் பெரியதைப் பொருத்த முடியாது. இதில் நான் தவறவில்லை. மைக்ரோ ஏ.டி.எக்ஸ். போர்ட் ஒழுங்காக உட்கார்ந்தது.

தவறியது கூலரில். நான் வாங்கிய ரைசன் 5 5600ஜி ப்ராசசரோடு பெட்டியிலேயே ஒரு கூலர் வரும். அதன் உயரம் 54 மி.மீ. கேபினட்டில் கூலருக்கு இருந்த இடம் 50 மி.மீ. நான்கே மில்லிமீட்டர்தான் வித்தியாசம். மூடியை வைத்தால் நடுவில் அப்பளம் போல உப்பிக்கொண்டு நின்றது. கடைக்காரரிடம் போனில் கேட்டால், "அழுத்தி மூடுங்க சார், போயிடும்" என்றார். அழுத்தி மூடினேன். கூலரின் ஃபேன் மூடியில் உரசி டிர்ர்ரென்று சத்தம் போட்டது. ஃபேன் சுற்றினால் மட்டும் போதாது, அதன் தலைக்கு மேல் காற்றை இழுக்கக் கொஞ்சம் இடமும் வேண்டும். கூலரின் உயரத்தோடு 10 மி.மீ.யாவது சேர்த்துக் கணக்கிடுங்கள். தாழ்வான கேபினட்டுகளுக்கென்றே லோ ப்ரொஃபைல் கூலர்கள் உள்ளன. உதாரணமாக, நாக்டுவா நிறுவனத்தின் என்.எச்.-எல்9 வகை ஃபேனையும் சேர்த்து 37 மி.மீ.தான். நான் கடைசியில் அந்த உயரத்தில் ஒன்றைத்தான் வாங்க வேண்டிவந்தது.

அடுத்து எஸ்.எம்.பி.எஸ். வழக்கமான ஏ.டி.எக்ஸ். எஸ்.எம்.பி.எஸ். 150 மி.மீ. அகலம், 86 மி.மீ. உயரம் இருக்கும். சிறிய கேபினட்டுகள் எஸ்.எப்.எக்ஸ். என்ற வகையைக் கேட்கும். அது 125 மி.மீ. அகலம், 63.5 மி.மீ. உயரம். இது தெரியாமல் நான் வழக்கமானதை வாங்கி வந்து, மறுநாள் பஸ் ஏறித் திரும்பப் போய் மாற்றினேன். கிராபிக்ஸ் கார்டு போடும் எண்ணம் இருந்தால் அதன் பின்பக்கத் தகட்டையும் பாருங்கள். சாதாரண கார்டின் தகடு 120 மி.மீ. உயரம், லோ ப்ரொஃபைல் கார்டின் தகடு ஏறத்தாழ 80 மி.மீ. 10 சென்டிமீட்டர் கேபினட்டில் எது நிற்கும் என்று நீங்களே சொல்லிவிடலாம். படம் பார்க்க மட்டும் என்றால் கார்டே வேண்டாம், ப்ராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் தாராளமாகப் போதும்.

மே மாதம்

எல்லாம் பொருந்தியதும் கம்ப்யூட்டரை டிவிக்குக் கீழே, கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள் வைத்தேன். தூசி படக் கூடாதே என்று அம்மா கதவைச் சாத்தினார். மே மாதம் இரண்டாம் வாரம், மதியம், படம் பாதியில் நின்றது. அப்பா கதவைத் திறந்து உள்ளே கை வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னாடா இது, ஹீட்டரா வாங்கினு வந்துகீற?" என்றார்.

கம்ப்யூட்டரின் உள் வெப்பநிலையைக் காட்டும் எச்.டபிள்யூ.இன்ஃபோ என்ற இலவச சாப்ட்வேரை ஓட்டிப் பார்த்தேன். அறையில் 36 டிகிரி, ஷோகேஸுக்குள் 46, ஹார்ட் டிஸ்க் 59, ப்ராசசர் 93. இந்த ப்ராசசரின் உச்ச வரம்பு 95 டிகிரி செல்சியஸ். ஹார்ட் டிஸ்க்குகள் பெரும்பாலானவற்றுக்கு வரம்பு 60.

காரணம் மிக எளிது. இப்படி ஒரு கம்ப்யூட்டர் வேலை செய்யும்போது சுமார் 70 வாட்ஸ் வெப்பத்தை வெளிவிடுகிறது. பழைய 60 வாட்ஸ் குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டு பீரோவைச் சாத்திவிட்டால் எப்படி இருக்கும்? கேபினட்டுக்குள் எத்தனை ஃபேன் ஓடினாலும், அவை அதே சூடான காற்றைத்தான் திரும்பத் திரும்பச் சுழற்றும்.

எவ்வளவு காற்று வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. வெப்பத்தை வாட்ஸில் எடுத்துக்கொண்டு 1.76ஆல் பெருக்குங்கள். உள்ளே வரும் காற்றைவிட வெளியேறும் காற்று எத்தனை டிகிரி கூடுதலாக இருக்கலாம் என்று முடிவு செய்து, அந்த எண்ணால் வகுத்திடுங்கள். வருவது நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று தேவை என்ற எண். ஃபேன் பெட்டியில் சி.எப்.எம். என்று போட்டிருப்பது இதைத்தான். 70 வாட்ஸ், 10 டிகிரி என்றால் விடை ஏறத்தாழ 12. ஒரு சாதாரண 80 மி.மீ. ஃபேன் 25, 30 என்று பெட்டியில் போட்டிருப்பான். இடுக்கான கேபினட்டில் பாதிதான் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டாலும் ஒரே ஃபேன் போதும்.

நான் இந்தக் கணக்கைப் போடவில்லை. ஷோகேஸின் பின்பலகையை வெட்டி எடுத்தேன், கதவைக் கழற்றினேன், கேபினட்டின் பின்னால் காற்றை வெளியே தள்ளும்படி இரண்டு ஃபேன்களை மாட்டி முழு வேகத்தில் ஓடவிட்டேன். ப்ராசசர் 74க்கு இறங்கியது, ஹார்ட் டிஸ்க் 46க்கு வந்தது. இனிமேல் கவலை இல்லை என்று நினைத்தேன்.

உப்பு ஜாடி

2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல். எங்கள் தெருவில் தண்ணீர் நின்றது, வீட்டுக்குள் வரவில்லை. மின்சாரம் நான்கு நாள் இல்லை. ஐந்தாம் நாள் கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டரைப் போட்டேன். விண்டோஸ் வந்தது. படங்கள் இருந்த 2 டெராபைட் ஹார்ட் டிஸ்க் வரவில்லை. பயாஸில் போய்ப் பார்த்தேன், அங்கேயும் இல்லை.

படங்கள் போனால் போகட்டும். அந்த டிஸ்க்கில் 2009இல் நடந்த அக்காவின் கல்யாண வீடியோ இருந்தது. கேசட்டுகளை 2022இல் ஒரு கடையில் கொடுத்து கம்ப்யூட்டரில் ஏற்றி வாங்கியிருந்தோம். பூசணம் பிடித்த கேசட்டுகளைத் தூக்கிப் போட்டுவிட்டோம். 2014இல் காலமான எங்கள் பாட்டி நடந்து, பேசி, சிரிக்கும் காட்சி எங்கள் குடும்பத்தில் அது ஒன்றில்தான் இருக்கிறது. வேறு காப்பி இருந்ததா? இல்லை. ஆபீசில் புதிதாக வருபவர்களுக்கு பேக்கப் பற்றி வகுப்பு எடுப்பவன் நான்.

கேபினட்டைத் திறந்தேன். ஃபேன் இறக்கைகளில் கரிய மாவு படிந்திருந்தது. பல்பொடி போலக் கையில் ஒட்டியது, ஆனால் ஈரமாக. மதர்போர்டின் ஸ்க்ரூக்களில் துரு. ராம் குச்சியின் தங்க நிறக் கால்களில் மங்கலான படலம். தண்ணீர் உள்ளே வராத வீட்டில் இது எப்படி நனைந்தது என்று எனக்குப் புரியவில்லை. அம்மாதான் சொன்னார்: "அடுப்பாண்ட கீற உப்பு ஜாடியே மழை வந்தா தண்ணி வுடுது. இந்தப் பொட்டி இன்னா பண்ணும்?"

விஷயம் முழுவதும் அதுதான். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. அது 33 சதவீதத்திலேயே ஈரம் இழுக்கும். கடலோரக் காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் வரும் உப்பு, போர்டின் மேல் தூசியோடு படிகிறது. மழைக்காலத்தில் அந்தத் தூசிப் படலம் உப்புத் தண்ணீர்ப் படலமாகிவிடுகிறது. உப்புத் தண்ணீரில் கரண்ட் பாயும், செம்பு பச்சை பிடிக்கும்.

கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தால் இந்தத் தொல்லை குறைவு. 30 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று, கேபினட்டுக்குள் 40 டிகிரிக்குச் சூடானால் அதன் ஈரப்பதம் 46 சதவீதத்துக்கு இறங்கிவிடும். பழைய ஸ்டூடியோக்காரர்கள் கேமரா பெட்டிக்குள் சின்ன பல்பு எரியவிடுவார்களே, அதே தந்திரம்தான். ஆபத்து, அணைத்துப் போட்டிருக்கும் நாட்களில். எங்கள் கம்ப்யூட்டர் நான்கு நாள் அணைந்து கிடந்தது.

இது எங்கள் வீட்டுப் பிரச்சினை மட்டும் அல்ல. கூகுள் நிறுவனம் 2007இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தன் ஹார்ட் டிஸ்க்குகளை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. மிதமான வெப்பத்துக்கும் டிஸ்க் கெடுவதற்கும் எல்லோரும் நினைக்கும் அளவுக்குத் தொடர்பு இல்லை என்று அதில் தெரிந்தது. 2016இல் மைக்ரோசாப்ட்டின் 9 டேட்டா சென்டர்களில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை வைத்து நடந்த ஆய்வில், டிஸ்க் கெடுவதில் வெப்பத்தைவிட ஈரப்பதத்தின் பங்குதான் பெரிது என்று கண்டார்கள். அதுவும் டிஸ்க்கின் உள்ளே சுழலும் தட்டைவிட, வெளியே இருக்கும் கன்ட்ரோலரும் இணைப்புகளும்தான் முதலில் அடிவாங்குகின்றன. அதற்காக 59 டிகிரியில் ஓட்டலாம் என்று அர்த்தமில்லை. ஆனால் 46ஐ 40 ஆக்குவதற்காக மூன்றாவது ஃபேன் வாங்கத் துடிப்பவர்கள் இதை ஒருமுறை யோசிக்கவும்.

என் டிஸ்க்கில் நடந்ததும் அதேதான். ரிச்சி தெருவில் ஹார்ட் டிஸ்க் சர்வீஸ் செய்யும் ஒருவர், டிஸ்க்கின் அடியில் இருக்கும் பச்சைப் போர்டின் ஆறு சின்ன ஸ்க்ரூக்களைக் கழற்றித் திருப்பிக் காட்டினார். டிஸ்க்கைத் தொடும் இடங்களில் இருந்த வெள்ளிநிறப் புள்ளிகள் கருத்திருந்தன. ஸ்கூல் பிள்ளைகளின் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் துடைத்து, காயவைத்துத் திரும்ப மாட்டினார். டிஸ்க் வந்துவிட்டது. "உடனே காப்பி பண்ணிடுங்க சார், இன்னொரு தடவை வரும்னு நான் கேரண்டி தர மாட்டேன்" என்றார். அவர் கடை ஸ்டூலில் உட்கார்ந்தபடியே காப்பி செய்தேன். இதைப் படித்துவிட்டு நீங்கள் டிஸ்க்கின் மேல் மூடியைத் திறந்துவிடாதீர்கள். உள்ளே ஒரு தூசி போனாலும் எல்லாம் முடிந்தது. அடியில் இருக்கும் போர்டைக்கூட அனுபவம் உள்ளவரிடம் விடுவதே நல்லது.

ஒரு டீஸ்பூன் தூசி

இரண்டு ஃபேன் மாட்டிய என் புத்திசாலித்தனத்துக்கு வருவோம். காற்றோடு சேர்ந்து காற்றில் இருப்பதெல்லாம் உள்ளே வரும் என்பதை நான் மறந்துவிட்டேன். நிமிடத்துக்கு 18 கன அடி வீதம் தினமும் நான்கு மணி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு சுமார் 122 கன மீட்டர் காற்று கேபினட்டுக்குள் போய்வருகிறது. காற்றில் நுண்தூசி ஒரு நாளில் இந்த அளவைத் தாண்டக் கூடாது என்று நம் நாட்டில் வைத்திருக்கும் வரம்பு, கன மீட்டருக்கு 100 மைக்ரோ கிராம். அந்த வரம்பு அளவிலேயே இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் நாளுக்கு 12 மில்லி கிராம், வருடத்துக்கு நாலரை கிராம். கிட்டத்தட்ட ஒரு டீஸ்பூன். எல்லாம் உள்ளே தங்கிவிடாது என்பது உண்மைதான். தங்கும் பங்கே போதும்.

இந்தப் பகுதியில் அந்தத் தூசி என்னவென்று எல்லோருக்கும் தெரியும். சென்னை துறைமுகத்தில் நிலக்கரி இறக்கிய காலத்தில், ராயபுரத்தில் காலையில் உலர்த்திய வெள்ளை வேட்டி மாலையில் என்ன நிறத்தில் இருக்கும் என்று அப்பா கதை கதையாகச் சொல்வார். உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2011இல் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் எண்ணூர் துறைமுகத்துக்கு மாற்றப்பட்டன. ராயபுரத்துக்கு மூச்சு வந்தது, கரி வடக்கே போனது. பழைய எண்ணூர் அனல் மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. வட சென்னை அனல் மின் நிலையம் ஓடுகிறது, லாரிகளும் ஓடுகின்றன.

மேற்கே மணலி. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இல் வெளியிட்ட பட்டியலில், மிக மோசமாக மாசடைந்த தொழிற்பகுதிகளில் மணலியும் ஒன்று. எண்ணெய் சுத்திகரிப்பும் நிலக்கரி எரிப்பும் நடக்கும் இடத்தில் காற்றில் கந்தகம் கலக்கும். கந்தகத்துக்கும் வெள்ளிக்கும் ஆகாது. பூஜை அறை வெள்ளி விளக்கு சீக்கிரம் கறுக்கும் வீடுகளில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. ஐரோப்பாவில் 2006 ஜூலை முதல் எலக்ட்ரானிக் பொருட்களில் ஈயத்துக்குத் தடை வந்தது. ஈயம் கலந்த பூச்சுக்குப் பதிலாகச் சில போர்டுகளில் வெள்ளிப் பூச்சு வந்தது. கந்தகக் காற்றுள்ள இடங்களில் அந்த போர்டுகளில் கறுப்புப் படலம் ஊர்ந்து பரவி, பக்கத்துப் பக்கத்து இணைப்புகளை ஒட்டவைத்துவிடுவதைக் கண்டார்கள். பெரிய டேட்டா சென்டர்களில் செம்பு, வெள்ளித் தகடுகளை ஒரு மாதம் வைத்து, எவ்வளவு அரிக்கிறது என்று அளந்து பார்ப்பது இதற்காகத்தான். நமக்கு வெள்ளி விளக்கு இருக்கிறது.

கேபினட்டை மாற்றவில்லை, காற்றை மாற்றினேன்

முதலில் வெப்பத்தையே குறைத்தேன். என் ப்ராசசரை பயாஸில் 65 வாட்ஸிலிருந்து 45 வாட்ஸுக்கு இறக்க முடியும். படம் பார்ப்பதில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. புதிதாக வாங்குபவர்கள் இன்னும் குறைவாகவே தொடங்கலாம். இன்டெல் 2023இல் கொண்டுவந்த என்100 ப்ராசசரின் மதிப்பீடு வெறும் 6 வாட்ஸ். அதை வைத்து வரும் மினி பி.சி.க்களே அப்பா பார்க்கும் படங்களுக்குப் போதும். நான் வாங்கும்போது இவ்வளவு யோசிக்கவில்லை.

அடுத்து, பின்னால் இருந்த இரண்டு ஃபேன்களையும் கழற்றினேன். வெளியே தள்ளும் ஃபேன் மட்டும் இருந்தால், யு.எஸ்.பி. ஓட்டை முதல் ஸ்க்ரூ ஓட்டை வரை எல்லா இடுக்கு வழியாகவும் தூசி உள்ளே இழுக்கப்படும். அதற்குப் பதிலாக, பக்கவாட்டில் உள்ளே ஊதும் ஒரே ஃபேன், அதன் முன்னால் ஒரு ஃபில்டர். உள்ளே அழுத்தம் கொஞ்சம் கூடுதலாக இருப்பதால் எல்லா இடுக்கு வழியாகவும் காற்று வெளியே போகும். வரும் வழி ஒன்றே ஒன்று, அதில் காவல் இருக்கிறது. கேபினட் வாங்கும்போது ஃபேன் மாட்டும் இடம் எங்கே, கழற்றிக் கழுவும்படி ஃபில்டர் இருக்கிறதா என்று பாருங்கள். முன்பக்க எல்.இ.டி. விளக்கை அப்புறம் பார்க்கலாம்.

ஃபில்டருக்கு முதலில் கொசு வலையைக் கட்டினேன். நூலும் முடியும் நின்றன, கரித் தூள் தாராளமாக உள்ளே போனது. இப்போது மெல்லிய ஃபோம் போட்டிருக்கிறேன். இதுவும் மிக நுண்ணிய உப்புத் துகளை முழுவதும் தடுக்காது, கரியை நன்றாகப் பிடிக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மொட்டை மாடியில் ஒரு மக் தண்ணீரில் கழுவுகிறேன். தண்ணீர் பேனா மை போல ஆகிறது. நன்றாகக் காய்ந்த பிறகுதான் மாட்ட வேண்டும்.

கடலுக்கு இன்னும் அருகில் இருப்பவர்களுக்கும், காசு செலவழிக்க முடிந்தவர்களுக்கும் ஃபேனே இல்லாத கேபினட் உண்டு. ஸ்ட்ரீகாம், அகாசா போன்ற நிறுவனங்கள் செய்கின்றன. ப்ராசசரின் வெப்பத்தைச் செம்புக் குழாய்கள் அலுமினியச் சுவருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும், கேபினட்டே ஹீட் சிங்க் ஆகிவிடும். காற்றை இழுப்பதில்லை, எனவே கரியையும் இழுப்பதில்லை. ஆனால் விலை அதிகம். எந்த ப்ராசசருக்கு, எத்தனை வாட்ஸ் வரை என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். இதையும் மூடிய ஷோகேஸுக்குள் வைத்தால் பழைய கதைதான்.

மழைக்காலத்தில் நான்கைந்து நாள் அணைந்து கிடந்த கம்ப்யூட்டரை உடனே போட்டுவிடாதீர்கள். மூடியைத் திறந்து, டேபிள் ஃபேனைத் தூரத்தில் வைத்து, சில மணி நேரம் காற்றாடவிட்டுப் பிறகு போடவும். மற்ற நாட்களில் தினமும் ஒரு மணி நேரமாவது ஓடட்டும்.

2024 மே மாதத்தில் மறுபடி அளந்தேன். அதே அறை, அதே மதியம். ப்ராசசர் 71, ஹார்ட் டிஸ்க் 45. இரண்டு ஃபேன் ஓடியபோது இருந்ததைவிட ஒரு ஃபேனில் கொஞ்சம் குறைவு. டிசம்பரில் மூடியைத் திறந்தபோது போர்டில் விரலை வைத்து இழுத்தேன். சாம்பல் நிறத்தில் லேசாக ஒரு கோடு விழுந்தது, ஈரம் இல்லை.

கல்யாண வீடியோ இப்போது மூன்று டிஸ்க்கில் இருக்கிறது. ஒன்று இந்தக் கம்ப்யூட்டரில், ஒன்று என் அலமாரியில் காற்றுப் புகாத டப்பாவில், இன்னொன்று அக்கா வீட்டில். அக்கா இருப்பது ஆவடியில், அங்கே உப்புக் காற்று கிடையாது. ஃபில்டர் கழுவும் தேதியை அப்பா தினசரி காலண்டரில் குறித்துவைக்கிறார். நான் மறந்தால், பாட்டி பந்தியில் யாரையோ அதட்டும் இடத்தில் வீடியோவை நிறுத்தி வைத்துவிட்டு என்னைக் கூப்பிடுகிறார்.